பஸ்ஸில் படித்த இரசாயனவியல்

உயர்தர வகுப்பில் கணிதப் பிரிவு தொடங்குகிறார்கள் என்றதும் எங்கள் பாடசாலையில் ஏழெட்டுப் பேர் சேர்ந்தோம். முதல் வருடம் பாதி போவதற்குள் மூன்று பேர்தான் மிஞ்சினோம். மூவரும் பெண் பிள்ளைகள்.

பௌதிகவியல் கற்பித்த சேர் இடமாற்றம் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். இரசாயனவியல் மிஸ் பிரசவ விடுமுறையில் போனவர், திரும்பி வராமல் வேறு மாவட்டத்துக்கு மாறிக்கொண்டார். இணைந்த கணிதத்துக்கு மட்டும் வேறு பாடசாலையிலிருந்து ஒரு சேர் கிழமைக்கு இரண்டு நாள் வந்து போனார். மழை பெய்து ரோட்டில் மண் விழுந்தால் அவரும் வரமாட்டார். ஆசிரியர் இல்லை என்று தெரிந்ததும் மற்றப் பிள்ளைகள் ஒவ்வொருவராக ஆர்ட்ஸுக்கு மாறினார்கள்.

ஒரு நாள் அதிபர் எங்கள் மூவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று தோன்றுமளவுக்கு மெதுவாகப் பேசினார்.

"ஆள் கேட்டு எழுதியாச்சு. வருவாங்களான்னு எனக்கே தெரியாது. இப்பவே மாறிட்டீங்கன்னா ஒரு வருஷந்தான் போகும். பிறகு மாறினா ரெண்டும் போயிரும்."

நாங்கள் மாறவில்லை. எங்கள் தோட்டத்தில் கணிதம் படித்து முன்னுக்கு வந்தவர் என்று காட்ட ஒருவரும் இல்லை. பிடிவாதம் மட்டும்தான் இருந்தது. ஒருத்தி மாறினால் மற்ற இரண்டு பேருக்காக வகுப்பு நடத்த மாட்டார்கள் என்ற பயமும் இருந்தது. அதனால் ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டிருந்தோம்.

பாடசாலை இரத்தினபுரி நகரத்தில் இருந்தது. நான் நிவித்திகலைக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து பஸ்ஸில் வருவேன். இரண்டாமவள் அதே பாதையில் எனக்கும் அப்பால், பஸ் திரும்பும் இடத்தில் உள்ள ரப்பர் தோட்டத்துப் பிள்ளை. அப்பா இல்லை. அம்மா ரப்பர் பால் வெட்டுபவர். மூன்றாமவள் நகரத்துக்காரி. அவளுடைய வாப்பா சந்தைக்குப் பக்கத்தில் சைக்கிள் சாமான் கடை வைத்திருந்தார்.

பாடங்களை மூவரும் ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொண்டோம். கொழும்பில் வேலை செய்த அண்ணன் எனக்கு ஒரு போன் வாங்கித் தந்திருந்ததால் பௌதிகம் என் பொறுப்பு. யாழ்ப்பாணத்து சேர் ஒருவர் இணையத்தில் போடும் பாடங்களைப் பார்த்து மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். "விளங்கினதோ பிள்ளையள்?" என்று அவர் கேட்கும்போதெல்லாம், பாடத்தை விடுங்கள், முதலில் அவருடைய தமிழே எனக்கு விளங்க வேண்டுமே என்று இருக்கும். ரப்பர் தோட்டத்துக்காரிக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் நகரத்தில் நடக்கும் சிங்கள மொழி ரியூஷன் வகுப்பில், நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குப் பின்னால் கடைசி வாங்கில் உட்கார்ந்து இரசாயனவியல் கேட்பாள். காதில் விழும் சிங்களத்தைத் தமிழ் எழுத்தில் கிறுக்கிக்கொண்டு வந்து, பாடப்புத்தகத்தைப் பார்த்துத் தமிழாக்கித் திங்கட்கிழமை எங்களுக்குக் கரும்பலகையில் நடத்துவாள். நகரத்துக்காரிக்குக் கணிதம். கொஞ்ச நாளில் எங்களுக்குப் பெயரே அதுவாகிப் போனது. கெமிஸ்ட்ரி, மெத்ஸ், பிசிக்ஸ் என்றுதான் ஒருவரையொருவர் கூப்பிட்டோம்.

கணக்குகள் கஷ்டம்தான். ஆனால் அதைவிடக் கஷ்டம், செய்த கணக்கு சரியா பிழையா என்று சொல்ல ஆள் இல்லாதது. மூவரும் தனித்தனியாகச் செய்து பார்ப்போம். மூவருக்கும் ஒரே விடை வந்தால் சரி என்று எடுத்துக்கொள்வோம். ஒரு தடவை சார்பு வேகக் கணக்கு ஒன்றில் மூவருக்கும் ஒரே விடை வந்து, சந்தோஷமாக அடுத்ததுக்குப் போய்விட்டோம். இரண்டு கிழமைக்குப் பிறகு வந்த கணித சேர் அதைப் பார்த்துவிட்டு, அடியோடு பிழை என்றார். மெத்ஸ் அன்றைக்கு மேசையில் தலையை வைத்து அழுதாள். அந்தக் கணக்குக்காக அவள் அழவில்லை. இப்படி இன்னும் எத்தனை கணக்குகளில் மூவரும் சேர்ந்து பிழை விட்டிருக்கிறோமோ என்றுதான் அழுதாள். எனக்கும் அதே நினைப்புத்தான். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

எங்களில் நன்றாகச் சொல்லிக் கொடுக்கத் தெரிந்தவள் கெமிஸ்ட்ரிதான். நான் சொல்லிக் கொடுத்தால் நானே குழம்பிவிடுவேன். மெத்ஸ் இரண்டு வரிகளைத் தாண்டி நேரே விடைக்குப் போய்விடுவாள். கெமிஸ்ட்ரி நாங்கள் எங்கே தடுமாறுகிறோமோ அந்த இடத்தில் நின்று, எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் தொடங்குவாள். அவள் சொல்லித் தருகிறாளே என்று நானும் மெத்ஸும் இரசாயனவியல் புத்தகத்தைச் சொந்தமாகத் திறந்ததே இல்லை.

பரீட்சைக்கு நான்கைந்து மாதம் இருக்கும்போது அவளுடைய அம்மா ரப்பர் மலையில் விழுந்தார். அடைமழைக் காலம். பால் வாளியோடு சறுக்கி, கீழே தண்ணீர் ஓடும் கானில் போய்க் கிடந்தாராம். இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் கிடந்து வீட்டுக்கு வந்த பிறகும் எழுந்து நடக்க முடியவில்லை.

அம்மா வீட்டுக்கு வந்த கிழமை கெமிஸ்ட்ரி பாடசாலைக்கு வரவில்லை. அடுத்த கிழமையும் வரவில்லை. நான் அவள் வீட்டுக்குப் போனேன். லயத்துக் காம்பிராவில், அந்த ஒற்றை அறை வீட்டில், அவளுடைய அம்மா மட்டும் படுத்திருந்தார். மகள் நகரத்தில் ஒரு புடவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள் என்று சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். தான் வேண்டாம் என்று சொல்லியும் அவள் கேட்கவில்லையாம். நான் சொன்னால் கேட்பாளா என்று என்னிடம் கேட்டார். அவள் வேலையை விட்டால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அதற்கடுத்த திங்கட்கிழமை நானும் மெத்ஸும் ஒரு பழைய இரசாயனவியல் வினாத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். முதலாவது கேள்வியில் பாதி வந்தது. இரண்டாவதில் ஒன்றும் வரவில்லை. மூன்றாவதை வாசிக்கவே முடியவில்லை. அவள் பலகையில் எழுதும்போது எவ்வளவு தெளிவாக விளங்கியது, அதெல்லாம் எங்கே போயிற்று என்று இருந்தது. மெத்ஸ் வினாத்தாளை மூடிவைத்தாள்.

"இது இல்லாம மத்த ரெண்டும் பாஸ் பண்ணி என்ன செய்ற?" என்றாள்.

மூன்று பாடமும் சித்தியடையாவிட்டால் பல்கலைக்கழகம், கெம்பஸ் என்ற பேச்சுக்கே இடமில்லை. அன்று பின்னேரம் நாங்கள் இருவரும் அந்தப் புடவைக் கடைக்குப் போனோம். துணி வாங்க வந்தவர்களைப் போல உள்ளே நுழைந்தோம். கடைச் சீருடை போட்டுக்கொண்டு அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் முகம் ஒரு மாதிரியானது. வேலை நேரத்தில் பேசினால் ஏசுவார்கள் என்று கண்ணால் காட்டினாள். பிறகு ஒரு துணியை விரித்து எங்கள் முன்னால் போட்டுவிட்டு, குனிந்துகொண்டே சொன்னாள்.

"கடை மூடினதும் பஸ் ஸ்டான்டுக்கு வாங்க. போற வழியில சொல்லித் தாரேன்."

இப்படித்தான் பஸ் வகுப்பு தொடங்கியது. மெத்ஸ் நகரத்துப் பிள்ளை. அந்த நேரத்தில் அவளால் பஸ்ஸில் வர முடியாது, வீட்டில் விடவும் மாட்டார்கள். அதனால் ஏற்பாடு இப்படி ஆனது: பாடசாலை விட்டதும் நான் மெத்ஸின் வீட்டுக்குப் போய்விடுவேன். இருவரும் கணிதம் செய்வோம். அவளுடைய உம்மா ரொட்டியும் தேத்தண்ணியும் தருவார். இருட்டும் நேரத்தில் நான் பஸ் ஸ்டான்டுக்குப் போய்க் கெமிஸ்ட்ரியோடு பஸ் ஏறுவேன். அவள் சொல்வதைப் போனில் பதிந்து, நகரத்தைத் தாண்டி சிக்னல் போவதற்குள் மெத்ஸுக்கு அனுப்புவேன். மிச்சத்தை அடுத்த நாள் காலை, சிக்னல் கிடைக்கும் இடத்தில் அனுப்புவேன். அந்தப் பதிவுகளில் அவளுடைய குரலைவிட என்ஜின் சத்தம்தான் கூட. நடுநடுவே கண்டக்டர் "இஸ்ஸரஹட்ட யன்ன" என்று எல்லாரையும் முன்னுக்குப் போகச் சொல்லிக் கத்துவது கேட்கும். அந்தச் சத்தத்துக்குள் தேடித்தேடிக் கேட்டு எழுதியதாக மெத்ஸ் சொல்வாள்.

பெரும்பாலும் உட்கார இடம் கிடைக்காது. காலையிலிருந்து நின்றே வேலை செய்தவள், பஸ்ஸிலும் நின்றுகொண்டேதான் சொல்லித் தருவாள். ஒரு கை மேல் கம்பியில், மறு கையின் விரல் என் கொப்பியில். ஒரு நாள் கரைதிறன் பெருக்கம் எனக்கு எப்படியும் ஏறவில்லை.

"இந்த பஸ்ஸப் பாரு," என்றாள். "எவ்வளவு ஆள் கொள்ளுமோ அவ்வளவுந்தான் உள்ள. அதுக்கு மேல ஏறினா வெளிய விழ வேண்டியதுதான். கரைசலும் அப்படித்தான். அயன் பெருக்கம் அந்த அளவத் தாண்டினா வீழ்படிவு விழும். தாண்டலன்னா ஒண்ணும் விழாது."

அதன்பிறகு அந்தப் பகுதியில் நான் ஒரு கணக்கும் பிழை விட்டதில்லை.

அவள் களைத்துப்போய் வருகிற நாட்களும் இருந்தன. பேசிக்கொண்டிருக்கும்போதே கண் மூடிவிடும். என்ன சொல்லிக்கொண்டிருந்தேன் என்று கேட்பாள். நான் சொன்னால் விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள். வேண்டாம், இன்றைக்குத் தூங்கு என்று சொல்ல வேண்டும்போல் இருக்கும். ஆனால் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. இன்னும் சேதன இரசாயனம் முழுதாகக் கிடந்தது. நான் சொல்லவில்லை.

ஒரு நாள் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டர், நங்கி, அதாவது தங்கச்சி, டீச்சரா என்று அவளிடம் சிங்களத்தில் கேட்டார். எத்தனையோ நாளாக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர், மரியாதையாகத்தான் கேட்டார். இல்லை, புடவைக் கடையில் வேலை என்று அவள் சொன்னாள். அதன் பிறகு அன்று பாடம் நடக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் இறங்கும்போதுகூடத் திரும்பவில்லை.

அனுமதி அட்டைகள் வந்தன. அவளுக்கும் வந்தது. பரீட்சைக்கு விடுமுறை கேட்டபோது முடியாது என்று முதலாளி சொல்லிவிட்டார். டிசம்பர் மாத நத்தார் பண்டிகை வியாபாரம் தொடங்கும் காலம். லீவு எடுக்கிறவர்கள் திரும்பி வர வேண்டாம் என்று எல்லாருக்கும் பொதுவாகவே சொல்லி வைத்திருந்தாராம். நாங்கள் அதிபரிடம் போனோம். அதிபர் தானே அந்தக் கடைக்குப் போய் முதலாளியோடு பேசினார். நானும் மெத்ஸும் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்று கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதிபர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். பாடசாலையில் அவர் அப்படி நின்று நாங்கள் கண்டதில்லை.

வெளியே வந்து, இரண்டு நாள் தருவதாக முதலாளி சொல்லியிருக்கிறார் என்றார். பிறகு பாடசாலைப் பக்கம் நடந்துவிட்டார்.

மூன்று பாடத்துக்கும் சேர்த்து அதற்கு இரண்டு மடங்குக்கு மேல் நாட்கள் வேண்டும். இரண்டு நாளில் எதை எழுதுவது? பஸ்ஸில் நான் அவளோடு சண்டை பிடித்தேன். வேலையை விட்டுவிடு, பரீட்சை முடிந்து வேறு வேலை தேடலாம், எங்கள் வீட்டிலிருந்து அரிசி தருகிறோம் என்றெல்லாம் சொன்னேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"அம்மாவுக்கு மருந்து இருக்கு. கிளினிக்குக்குத் திரீவீல் இருக்கு. நீ எத்தன நாளைக்கு அரிசி தருவ?" என்றாள். பிறகு சொன்னாள், "மூணையும் அரைகுறையா எழுதுறதுக்கு ஒண்ண முழுசா எழுதிட்டு வாறேன்."

ஒன்றை மட்டும் எழுதி ஒன்றும் ஆகாது என்பது அவளுக்குத் தெரியாததல்ல.

இரசாயனவியல் முதல் வினாத்தாளன்று அவள் பாடசாலைச் சீருடையில் வந்தாள். மாதக்கணக்கில் போடாத வெள்ளைச் சட்டை. நீலம் போட்டுத் தோய்த்திருந்தாள். சுட்டெண் வரிசையில் எனக்கு முன்னால் அவளுடைய மேசை. நான் யோசித்துக்கொண்டு நிமிரும்போதெல்லாம் அவளுடைய முதுகு தெரியும். ஒரு தடவைகூட அவள் பேனாவைக் கீழே வைக்கவில்லை. மறுநாள் இரண்டாம் வினாத்தாளில் தாங்கற் கரைசல் பற்றி ஒரு பெரிய கணக்கு வந்தது. நாங்கள் பஸ்ஸில் செய்த வகைதான். நான் செய்து முடித்தேன். வெளியே வந்ததும் மூவரும் விடைகளை ஒப்பிட்டோம். மூவருக்கும் ஒரே விடை. அவள் சிரித்தாள். அந்தச் சில மாதங்களில் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். பிறகு அடுத்த நாள் கடைக்கு நேரத்தோடு போக வேண்டும் என்று அவசரமாகப் பஸ் ஏறிவிட்டாள்.

பௌதிகத்தன்று அவளுடைய மேசையில் வினாத்தாளை வைத்தார்கள். அரை மணித்தியாலத்துக்குப் பிறகு மேற்பார்வையாளர் வந்து அதை எடுத்துக்கொண்டு போனார். காலியான அந்தக் கதிரையைத் தாண்டித்தான் நான் மணிக்கூட்டைப் பார்க்க வேண்டியிருந்தது. செய்யத் தெரிந்த கணக்குகளைக்கூட அன்றைக்குப் பிழையாகச் செய்தேன்.

பெறுபேறுகள் வந்தபோது மெத்ஸுக்குக் கணிதத்தில் சி, இரசாயனத்தில் சி, பௌதிகத்தில் சித்தி இல்லை. அவளுக்குப் பௌதிகம் சொல்லிக் கொடுத்தவள் நான். எனக்கு மூன்றும் சாதாரணச் சித்தி. கெம்பஸுக்குக் கிட்டவும் போகாது. கெமிஸ்ட்ரிக்கு இரசாயனவியலில் பி. மற்ற இரண்டுக்கும் நேரே 'தோற்றவில்லை' என்று இருந்தது. மூவர் எடுத்த பெறுபேறுகளில் அந்த பி தான் உயர்ந்தது. அதனால் அவளுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

இணையத்தில் வந்த அவளுடைய பெறுபேற்றுப் பக்கத்தைப் போனில் படம் பிடித்து அவளுக்குக் காட்டினேன்.

"பி தானா," என்றாள். "ஏ வரும்னு நெனச்சேன்."

நானும் மெத்ஸும் இரண்டாம் தடவை எழுதத் தீர்மானித்தோம். கெமிஸ்ட்ரி விண்ணப்பிக்கவில்லை. தனிப்பட்ட பரீட்சார்த்தியாகப் போடலாம், நானே நிரப்பித் தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். அவளுடைய அம்மா அப்போது தடி ஊன்றிக் கதவு வரைதான் நடப்பார். ரெண்டு நாள் லீவுக்கே அதிபர் சேர் கைகட்டி நிற்க வேண்டி வந்தது, இன்னொரு தடவை அவரை அப்படி நிறுத்த மாட்டேன் என்று சொன்னாள். அவள் அதைப் பார்த்திருப்பாள் என்று நான் நினைத்திருக்கவில்லை.

ஆனால் பஸ் வகுப்பு நிற்கவில்லை. நான் கேட்கத் தயங்கினேன். அவளே அடுத்த கிழமை பஸ் ஸ்டான்டில் என்னைக் கண்டதும், கொப்பி எங்கே என்று கேட்டாள். ஏன் இன்னும் உடம்பைப் போட்டு வருத்திக்கொள்கிறாய் என்று கேட்டேன்.

"எனக்கு மறந்துரக் கூடாது," என்றாள்.

அந்த வருடம் முழுக்க, தான் எழுதப் போகாத பரீட்சைக்கு அவள் எங்களைத் தயார்படுத்தினாள். கேள்வி கேட்பாள். பிழை விட்டால் ஏசுவாள். சில நாட்களில் எனக்கு அவளுடைய முகத்தைப் பார்க்கவே முடியாமல் இருக்கும். கொப்பியையே பார்த்துக்கொண்டு தலையாட்டுவேன்.

இரண்டாம் தடவை மெத்ஸ் மூன்றும் சித்தியடைந்தாள். கெம்பஸுக்கு அது போதவில்லை. அதற்குள் மாவனல்லையில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். என் புள்ளிகள் அவளுடையதைவிடக் கொஞ்சம் கூட; கெம்பஸுக்கு எடுக்கும் வெட்டுப்புள்ளியும் எங்கள் மாவட்டத்துக்குக் குறைவு என்பதால் எனக்கு மட்டும் பௌதிக விஞ்ஞானத்துக்கு இடம் கிடைத்தது.

செய்தி வந்த அன்று பின்னேரம் நான் பஸ் ஸ்டான்டில் காத்திருந்தேன். அவள் வந்தாள். சொன்னேன். என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எந்தக் கெம்பஸ், தூரமா, தங்க இடம் தருவார்களா என்று வரிசையாகக் கேட்டாள்.

"கெமிஸ்ட்ரியும் படிக்கணுமா?"

"ஓம். முதல் வருஷம் இருக்கு."

"நல்லது," என்றாள்.

அன்று அபூர்வமாக உட்கார இடம் கிடைத்தது. அவள் ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கவில்லை. என் கையை விடாமலே இருந்தாள். நிவித்திகலை தாண்டியது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று தேடினேன். நன்றி என்று சொன்னால் அவளை அந்த இடத்திலேயே விட்டுவிட்டுப் போவது போலிருக்கும் என்று பட்டது. என் தரிப்பிடம் வந்ததும் அவள்தான் என்னைத் தட்டி, இறங்கச் சொன்னாள். இறங்கிப் பார்த்தேன். உள்ளே லைட் எரிந்தது. பஸ் அவளை ஏற்றிக்கொண்டு ரப்பர் தோட்டத்துப் பக்கம் ஏறிப் போனது.

நான் உடனே வீட்டுக்குப் போகவில்லை. தோட்டத்து ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்திருந்தேன். வர நேரமாகிறதே என்று அம்மா டோர்ச்சோடு தேடி வந்தார். இடம் கிடைத்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து அம்மாவும் சேர்ந்து அழுதார்.